ழகரம் பழகிய மாமுனிவர்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

தமிழன்னைக்கு அணி பூட்டியவர்கள் பலர். அவர்களுள் தமிழ் மண்ணிலே பிறந்து, தாய்ப்பாலோடு தமிழையும் பருகி வளர்ந்தவர்கள் ஒரு வகையினர். கடல் கடந்து வந்து, வளர்ந்த வயதில் அ, ஆ என்று தொடங்கி, நாவை வளைத்துத் தமிழ் பழகியவர்கள் மற்றொரு வகையினர். இந்த இரண்டாம் வகையினருள் தலைசிறந்தவர் வீரமாமுனிவர் ஆவார். அவரது வாழ்வை எழுத நாங்கள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தரும் காரணம் அன்று. ஆயினும் அதைச் சொல்லியே தொடங்குகிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். வேதாரண்யத்து உப்பளத்தில் உழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். ஒரு நாள் தமிழ்ப் பாட வேளையில் மனப்பாடச் செய்யுளை ஒப்புவிக்க எழுந்தாள். அவள் வாயில் மழை மளை ஆயிற்று. வாழ்வு வாள்வு ஆயிற்று. பழம் பளம் ஆயிற்று. ஒருத்தி சிரிக்கத் தொடங்க, நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் இரண்டு வாரம் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. தமிழாசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. வீரமாமுனிவரின் வாழ்க்கையைப் படித்து ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி மட்டும் பணித்தார். படிக்கப் படிக்க எங்கள் சிரிப்பு எங்களையே சுட்டது.

பிறப்பும் அழைப்பும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மாந்துவா நகரை அடுத்துக் காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. அவ்வூரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் வீரமாமுனிவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பதாகும். 1698-இல் சேசு சபையில் சேர்ந்தார். கல்வி முடித்து 1709-இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் மதுரை மிஷனைப் பற்றிய செய்திகள் ஐரோப்பாவில் பரவியிருந்தன. தத்துவபோதகர் என்று தமிழ்ப் பெயர் பூண்ட ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் கற்றுத் துறவியைப் போல் வாழ்ந்து பணியாற்றினார். அவர் காட்டிய வழியில் செல்ல இளங்குரு பெஸ்கி விரும்பினார். போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1710-இல் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 30.

முப்பது வயதில் நம் ஊரில் ஒருவர் பள்ளிக்கு வந்து சிலேட்டைப் பிடித்தால் எப்படியிருக்கும்? அந்த நிலைதான் அவருக்கு. இலத்தீன், இத்தாலி, போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளைக் கற்றவர், தமிழ் முன்னே மழலையாக நின்றார்.

நாவுக்கு வந்த சோதனை

பெந்தகோஸ்து நாளில் அப்போஸ்தலர்கள் ஒரு நொடியில் பன்மொழி வரம் பெற்றார்கள் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். வீரமாமுனிவருக்கு அந்த வரம் அப்படி வரவில்லை. அவர் உழைத்துப் பெற்றார். அவர் நாவுக்கு எவை எளியவை, எவை அரியவை என்று இரு மொழிகளின் ஒலிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த உழைப்பின் அருமை நமக்கு விளங்கும்.

சில ஒலிகள் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். நம் ஞகரத்தைப் போன்ற ஒலி இத்தாலி மொழியிலும் உண்டு. நாம் பலி, பல்லி என்று ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் வேறுபடுத்துவது போலவே இத்தாலியரும் செய்கிறார்கள். அவர்கள் மொழியில் நொன்னா என்று அழுத்திச் சொன்னால் பாட்டி. அழுத்தாமல் நோனா என்றால் ஒன்பதாவது.

இனி அரியவற்றைப் பார்ப்போம். நாவின் நுனியை மேலே மடக்கி அண்ணத்தின் நடுவில் பொருத்தி ஒலிக்கும் டகரம், ணகரம், ளகரம் ஆகியவை இத்தாலி மொழியில் இல்லை. நமக்கு மனம் வேறு, மணம் வேறு. பனி வேறு, பணி வேறு. புதிதாக வரும் இத்தாலியரின் காதுக்கு அவை ஒன்றாகவே படும். காதுக்குப் பிடிபடாதது நாவுக்கு எப்படி வரும்?

அடுத்தது ழகரம். ளகரம் சொல்லும்போது மடங்கிய நா அண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்துக்கோ நா மடங்கி அண்ணத்தை நெருங்க வேண்டும்; ஆனால் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டினால் ளகரம் ஆகிவிடும். நா போதிய அளவு மடங்காவிட்டால் யகரம் போல் ஒலிக்கும். ஒரு நூல் அளவில்தான் வேறுபாடு. தங்கைகளே, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளம், பழம் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நா எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே புலப்படும்.

மூன்றாவது சோதனை, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. கடல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் இருப்பது ககரமே. எனினும் மூன்று இடங்களில் மூன்று விதமாக ஒலிக்கிறோம். நமக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. தாயின் பேச்சிலிருந்தே பழகிக்கொண்டோம். அயல்நாட்டார்க்கோ இடம் பார்த்து ஒலி மாற்றும் முறை ஒன்றைக் கற்க வேண்டியிருக்கிறது.

இச்சோதனைகளுக்கெல்லாம் விடை தேடி அவர் நம் முன்னோரின் இலக்கணங்களை நாடினார். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதை அது விளக்குகிறது. நாவின் நுனி மேலே எழுந்து அண்ணத்தை வருடும்போது ழகரம் பிறக்கும் என்பது அதன் கருத்து. நன்னூலும் இதை விளக்குகிறது. இந்த நூல்களையெல்லாம் அவர் ஆழ்ந்து கற்றார். சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் பாடம் கேட்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

கற்றது ஏட்டில் மட்டும் அன்று. காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் மக்களோடு மக்களாக வாழ்ந்து பேசிப் பழகினார். தொடக்க ஆண்டுகளில் நெல்லைச் சீமையில் குருக்கள்பட்டி என்னும் ஊரில் பிடிக்கப்பட்டுச் சிறையில் வாடினார். உயிருக்கே ஆபத்து வந்து நீங்கியது. அதன் பின்னும் அவர் தம் நாட்டுக்குத் திரும்ப எண்ணவில்லை.

எரியும் ஏரியும்

நம் மொழியில் குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். இத்தாலி மொழியில் உயிரை நீட்டினாலும் குறுக்கினாலும் பொருள் மாறுவதில்லை. ஆகவே குடை எது, கூடை எது என்று அவர்கள் செவியைத் தீட்டிக் கேட்க வேண்டும். எழுத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்நாளில் அதற்கும் ஓர் இடையூறு இருந்தது.

பழைய இலக்கணப்படி எ, ஒ என்னும் குறில்களின் மேல் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி, ஏடு எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அதனால் எரி என்பதும் ஏரி என்பதும் ஓலையில் ஒன்றுபோல் தோன்றின. கொடு என்பதும் கோடு என்பதும் அப்படியே. மழை பெய் என்று எழுதியிருப்பதைப் பேய் என்று படித்து யாரும் பயந்து ஓடலாம்! தமிழறிந்தோர் இடம் நோக்கிப் பொருள் கண்டனர். புதிதாகக் கற்போர் தடுமாறினர்.

இந்தக் குறையை வீரமாமுனிவர் கண்டார். நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். ஒற்றைக் கொம்பின் மேற்பகுதியைச் சுழித்து இரட்டைச் சுழிக் கொம்பு ஆக்கினார். எகரத்தின் கீழே கோடு இழுத்து ஏகாரம் ஆயிற்று. ஒகரத்தின் அடியைச் சுழித்து ஓகாரம் ஆயிற்று. இன்று முதல் வகுப்புக் குழந்தை கே என்றும் கோ என்றும் தயங்காமல் எழுதுகிறது என்றால் அதற்குப் பின்னே அவர் கை இருக்கிறது.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. துதிக்கை போல் வளைந்திருந்த ணை, லை, னை முதலியவை இப்போதைய வடிவம் பெற்றன. அதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்பே, தனி ஒருவராக, அயல்நாட்டார் ஒருவர் செய்த சீர்திருத்தம் நிலைத்துவிட்டது. இதை நினைக்கும்போது எங்களுக்கு ஓர் உண்மை தோன்றுகிறது. தடுக்கி விழுந்தவனுக்கே பாதையில் கல் இருப்பது தெரியும். தமிழைத் தடையின்றிப் படித்தவர்கள் காணாத குறையை, தட்டுத் தடுமாறிக் கற்க வேண்டியிருந்தவர் கண்டார்.

பெயர்களுக்கும் தமிழ் உடை

பெஸ்கி என்னும் பெயர் நம் மக்களின் வாய்க்கு எளிதில் வராது. அவருடைய பெயர் உறுதி என்னும் பொருள் தருவதால், அதற்கேற்பத் தைரியநாதர் என்று பெயர் கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் என்று போற்றப்பட்டார்.

கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே எழுந்தருளியுள்ள அடைக்கல மாதாவின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் முதலிய நூல்களைப் பாடினார். கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் எழுப்பினார். புனித கித்தேரியம்மாளின் வரலாற்றை அம்மானையாகப் பாடினார்.

1726-இல் அவர் இயற்றிய தேம்பாவணி தமிழுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்டது. புனித சூசையப்பரே அதன் காவியத் தலைவர். ஆனால் சூசையப்பர் அங்கே வளன் என்னும் அழகிய பெயர் பெறுகிறார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆகிறார். எபிரேயப் பெயரின் பொருளை ஆராய்ந்து, தமிழ் நாவில் தடையின்றி நடக்கும் சொல்லாக்கித் தந்தார். தாம் தமிழ் ஒலிகளுக்காக நாவை வருத்திக்கொண்டவர், தமிழ் மக்களின் நா அயல் ஒலிகளால் வருந்த வேண்டாம் என்று கருதினார் போலும்!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதன்று. அப்பரும் சம்பந்தரும் பாடிய திருமறைக்காடு என்னும் பெயர்தான் வடமொழியில் வேதாரண்யம் ஆயிற்று. மறை வேதமாகவும், காடு ஆரண்யமாகவும் மாறின. ஒலி மாறியும் பொருள் மாறவில்லை.

பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம்

வீரமாமுனிவர் செந்தமிழில் உயர்ந்த இடத்தை அடைந்தவர். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் விளக்கும் தொன்னூல் விளக்கத்தை 1730-இல் இயற்றினார். குட்டித் தொல்காப்பியம் என்று அதைப் பாராட்டுவர். 1732-இல் சதுரகராதியை உருவாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டது அது. அதற்கு முன் சொற்பொருள் காண நிகண்டுப் பாடல்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இன்று நாம் அகர வரிசையில் சொல்லைத் தேடி எடுப்பது அவர் காட்டிய வழி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

இத்தகைய புலவர் தெருவில் பேசும் தமிழை இகழ்ந்திருப்பார் என்று நாங்கள் எண்ணினோம். எங்கள் எண்ணம் பொய்த்தது. மக்கள் அன்றாடம் பேசும் தமிழுக்கென்றே இலத்தீனில் தனி இலக்கணம் எழுதினார். அதற்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்று பெயர். புதிதாக வரும் குருக்கள் தாம் பட்ட பாட்டைப் படக்கூடாது என்று கருதி, எழுத்துகளையும் அவற்றை ஒலிக்கும் முறையையும் முதலில் விளக்கி, பின்னர் சொற்களுக்குச் சென்றார். வயலில் நடவு நடுவோரும் கடைத்தெருவில் விலை பேசுவோரும் பேசும் பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, அதையும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எளிய நடையில் அவர் எழுதிய பரமார்த்த குரு கதையும் பேச்சுநடையைப் பழகுவோர்க்கு உதவியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களையும் நாம் அறிவோம் அல்லவா?

அந்த இலக்கணம் அச்சான கதை இன்னும் சுவையானது. வேதாரண்யத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால் வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், காரைக்கால் ஆகியவற்றைக் கடந்து தரங்கம்பாடி வரும். அது அக்காலத்தில் டேனிஷ்காரர் வசம் இருந்தது. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அங்கே அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் வந்த லூத்தரன் சபையாருக்கும் வீரமாமுனிவருக்கும் சமயக் கொள்கையில் கடும் வாதம் நடந்தது. அவர்களை மறுத்து வேதவிளக்கம் என்னும் நூலையும் அவர் எழுதினார். அப்படியிருந்தும் 1738-இல் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான். சமயத்தில் மோதியவர்கள் தமிழ் கற்பதில் ஒருவர் கையை ஒருவர் பற்றினார்கள். நம் கடற்கரையில் நிகழ்ந்த இந்த நற்செயலை நாங்கள் முன்பு அறிந்திருக்கவில்லை.

இறுதி நாள்கள்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழோடு வாழ்ந்த வீரமாமுனிவர், 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கேரளத்தில் உள்ள அம்பழக்காடு அவர் மறைந்த ஊராகச் சொல்லப்படுகிறது. நம் நூல்கள் அதை அம்பலக்காடு என்று எழுதுகின்றன. ஆனால் அவ்வூர் மக்கள் சொல்லும் பெயரில் ஒலிப்பது ழகரம். தமிழைப் போலவே மலையாளத்திலும் அந்த ஒலி வாழ்கிறது. ழகரத்தோடு தொடங்கிய அவரது முயற்சி ழகரம் ஒலிக்கும் ஊரிலே முடிந்தது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம்.

1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரீனா கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. கடல் கடந்து வந்தவர் இன்று கடலோரத்தில் நிற்கிறார்.

முடிவுரை

இந்த வரலாற்றைப் படித்து முடித்த அன்று நாங்கள் எங்கள் தோழியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் எல்லோரும் வட்டமாக அமர்ந்து ஒலிப்புப் பயிற்சி செய்யலாம் என்று அழைத்தபோது மட்டும் வந்து உட்கார்ந்தாள்.

அங்கே எங்கள் வேடம் கலைந்தது. மனம், மணம் என்று வேகமாகச் சொன்னபோது எங்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன. அன்று முதலில் சிரித்தவள் பள்ளி என்று சொல்ல முயன்று பல்லி என்றாள். உப்பளம், களம், வெள்ளம் என்று திருத்தமாக ளகரத்தை ஒலித்தவள் எங்கள் தோழி ஒருத்திதான்! அவள் எங்களுக்கு ளகரம் கற்பித்தாள். நாங்கள் அவளுக்கு ழகரம் கற்பித்தோம். பிறகு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தோம். அதில் மின்விசிறியைக் குறிக்கும் சொல் எங்கள் எல்லோருடைய வாயிலும் தலையில் ஊரும் பேன் ஆகிவிட்டது. அப்போது நாங்கள் சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள். அது வேறு சிரிப்பு.

சென்ற வாரம் அவள் அதே செய்யுளை வகுப்பில் முழுவதும் ஒப்புவித்தாள். ழகரம் பத்துக்கு ஆறு முறை சரியாக வருகிறது என்று அவளே கணக்குச் சொல்கிறாள். மீதி நான்கும் வந்துவிடும். வராவிட்டாலும் அவள் பேசுவது தமிழே. அவள் பாட்டியும் அம்மாவும் உப்பளத்தில் பேசும் தமிழும் தமிழே. அதற்கும் இலக்கணம் உண்டு என்று இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறார்.

நாவு தவறுவது குற்றமன்று. முயல்கிறவரைக் கண்டு நகைப்பதே குற்றம். முப்பது வயதில் மழலையாக நிற்க நாணாத வீரமாமுனிவரை நினைந்து, தமிழாயினும் ஆங்கிலமாயினும் அஞ்சாமல் வாய் திறப்போம். தடுமாறும் தோழியர் பேசி முடிக்கும்வரை பொறுமையோடு காத்திருப்போமாக!